ஓடிக்கொண்டிருந்த பம்பு

சந்திரக் கணக்குப் புது வருஷம் நெருங்கிவிட்டால் காங்ஷான் ஊரில் எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் வீட்டுச் சாமான்கள் வாசலில்தான் கிடக்கும். பழைய தூசி புது வருஷத்துக்குள் நுழையக் கூடாது என்று, அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்ததையெல்லாம் இழுத்து வெளியே போடுவார்கள். இறக்கை வளைந்த மின்விசிறி, அடி கருகிய குக்கர், மூடி தொலைந்த மிக்சி, சூடேறாத ஹீட்டர். மழை பெய்து மாதக்கணக்காகியிருக்கும். வயல் புழுதியும் ஆலைப் புகையும் கலந்து வானம் கஞ்சித்தண்ணீர் நிறத்தில் நிற்கும். அந்தப் புழுதிக்குள் எங்கள் வட்டத்து வயசாளிகள் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வருவார்கள்.

கொண்டுவந்து கொட்டுகிற இடம் மண்சாமி கோயிலை ஒட்டின தகரக் கொட்டகை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேர் அங்கே கூடுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. தேநீரும் சூரியகாந்தி விதையும்தான். சரிபண்ண முடிந்ததைச் சரிபண்ணி, இல்லாத வீட்டுக்குக் கொடுப்பார்கள். முடியாததைக் கழற்றித் தாமிரம் தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்து எடைக்கு அனுப்புவார்கள். செத்துப்போனது என்று முடிவானால் உடனே அதன் வயரை வெட்டிவிட வேண்டும். வால் வெட்டுவது என்று சொல்வார்கள். வால் இல்லாததை யாரும் எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் செருகிவிட முடியாது.

அந்தக் கொட்டகைக்கு மூளை பீ-ஹோங் அத்தை. அவள் வீட்டு மூன்றாவது மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். வேறு நாட்டிலிருந்து படிக்க வந்தவள், திருகாணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்துத் தங்கிவிட்டேன். அத்தை பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு மின்விசிறி ஆலைக்குப் போனவள். ஆலை இந்தத் தீவை விட்டுச் சீனாவுக்குப் போகும்வரை மோட்டார் காயில் சுற்றியவள். இப்போதும் பேசிக்கொண்டே இருக்கும்போது விரல்கள் தானாகக் காற்றில் எதையோ சுற்றும்.

அவள் போட்ட சட்டம் ஒன்று அங்கே உண்டு. சரிபண்ணின சாமான் ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டகையில், சிவப்புப் பலகைமேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் எல்லார் கண் முன்னாலும், சரிபண்ணின ஆள்தான் முதலில் அதை அனுபவிக்க வேண்டும். குக்கர் என்றால் அதில் சோறு வைத்து அவரே சாப்பிட வேண்டும். கெட்டில் என்றால் அதில் கொதித்த தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றித் தேநீர் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளக்கில் சிவப்புத்தாள் ஒட்டுவார்கள். தாள் ஒட்டினால்தான் வெளியே போகும். முன்பு ஒருமுறை அவசரத்தில் கொடுத்த கெட்டில் ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்து, அவள் கை நெடுநாள் தூக்க முடியாமல் போயிற்று. அதிலிருந்து வந்த சட்டம்.

அத்தையின் புருஷன் தெங்-கூய் மாமா லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து படுத்தவர்தான். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் ரெண்டே ரெண்டு மிச்சம். ஒன்று, "சாப்பிட்டியா?" இன்னொன்று, "நாசமாப் போ!" எது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. டாக்டரும் அதையேதான் சொன்னார். ஊசி குத்துகிற நர்ஸைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்பார். கன்னத்தைத் தடவுகிற மகளைப் பார்த்து "நாசமாப் போ!" என்பார். மகள் யா-சுவான் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள். "இன்னிக்குத் திட்டுதான் கெடச்சுது எனக்கு" என்று சிரித்துக்கொண்டே வேலைக்குப் போவாள்.

மாமா படுத்திருந்தது காற்று மெத்தை. உள்ளே குழாய் குழாயாக அறைகள். ஒரு பம்பு ஓயாமல் ஊதும். ஒன்றுவிட்டு ஒன்று மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். அதனால் முதுகு ஒரே இடத்தில் அழுந்தாது. அந்தப் பம்புதான் வருஷக் கடைசியில் நின்றுபோனது. மருந்து சாமான் கடைக்காரர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் இரவல் தருகிற மெத்தைகள் எல்லாம் வெளியே போயிருந்தன. "வருஷம் பொறந்து கடை தொறக்கட்டும்" என்றார்கள். மாமாவின் இடுப்பெலும்பின் மேலே சிவந்துவந்த தோல் அதுவரை காத்திருக்கவில்லை.

அத்தை பம்பைக் கொட்டகைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தாள். உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. குவியலில் கிடந்த ஒரு பழைய மீன்தொட்டிப் பம்பைப் பிளந்து அதன் ரப்பரை எடுத்து வெட்டிப் பொருத்தினாள்.

"மீனுக்கு ஊதுறதும் மனுஷனுக்கு ஊதுறதும் ஒரே ஜாதிதான்டி" என்றாள் என்னிடம்.

சாயங்காலம் பம்பு ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. குழாய் முனையில் கையை வைத்தால் மூச்சு விடுவதுபோல் காற்று வந்தது. அத்தை அதைத் தூக்கிச் சிவப்புப் பலகைமேல் வைத்துச் செருகினாள்.

வேலை முடிந்து ஸ்கூட்டரை நிறுத்தின யா-சுவான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னம்மா, ஓடுதுல்ல? எடுத்துட்டு வா. அப்பா முதுகைப் பாத்தியா இன்னிக்கு? செவந்திருந்தது கறுக்க ஆரம்பிச்சிருக்கு."

"பாத்தேன். ஒரு ராத்திரி ஓடட்டும்."

"வீட்டுல ஓடட்டும்!"

"வீட்டுல ஓடினா அது யாருக்குத் தெரியும்? கொட்டகைச் சாமான் கொட்டகைலதான் தங்கணும். போன மாசம் சியாங் வீட்டு மருமக என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. கொழந்தைக்குக் கஞ்சி வைக்கணும், குக்கரைக் குடுத்துடு அத்தைன்னா. குடுத்தேனா? காலைல வாடின்னு அனுப்பினேன். என் புருஷனுக்குன்னா மட்டும் சட்டம் பின்வாசல் வழியாப் போகுமா?"

"சட்டமாம் சட்டம். நீயே போட்டதுதானே?"

"நான் போட்டதுனாலதான் சொல்றேன். ராத்திரி கையால திருப்பிக்கலாம். காலைல நான் ஒரு மணி நேரம் அதுல படுத்துப் பாத்துட்டு அவரை ஏத்திடறேன். இப்ப பல்லைக் கடிக்காம வா, அரிசி ஊறிக்கிட்டிருக்கு."

யா-சுவான் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். குடியிருக்கிற வீட்டுச் சண்டையில் எந்தப் பக்கம் தலையாட்டுவது?

மறுநாள் காலையில், கொட்டகைக்கு ஆட்கள் கூடுவதற்குள், புது வருஷத்து முள்ளங்கிக் களிக்குச் சாமான் வாங்க அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். கனமான முள்ளங்கியாகத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தாள். காய்ந்த இறால், பன்றிக் கொத்துக்கறி, மாமாவுக்கு மசித்துக் கொடுக்கப் பூசணி. திரும்பி வரும்போது ரெண்டு பேர் கையிலும் பை. கோயில் திருப்பத்தில் அத்தை நின்றுவிட்டாள்.

கொட்டகை காலி.

ஒரு வயர்த்துண்டுகூட இல்லை. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். தூணில் புதுச் சிவப்புக் காகிதத்தில் வாழ்த்து எழுதி ஒட்டியிருந்தது, பசைகூடக் காயவில்லை. சுவர் ஓரம் சிவப்புத்தாள் ஒட்டின குக்கர்களும் விசிறிகளும் வரிசையாக நின்றன. சிவப்புப் பலகைமேல் ஒன்றுமே இல்லை. முன்பு தபால்காரராக இருந்த குன்-ஷான் மூலையில் துடைப்பத்தோடு நின்றார்.

"பம்பு எங்க?" என்றாள் அத்தை.

"எந்தப் பம்பு?"

"குன்-ஷான், எந்தப் பம்புன்னு உனக்குத் தெரியும்."

குன்-ஷான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. எடுத்து மறுபடியும் சாய்த்தார்.

"விடியக்காலைல லாரி வந்துச்சு. இன்னிக்குக் காலையோட வட்டங்களுக்குள்ள எடைப் போட்டி முடியுதாம். காய்லாங்கடையும் மூடுறாங்களாம். வட்டத் தலைவரு நின்னு ஏத்தச் சொன்னாரு. செவப்புத்தாள் இருக்குறதை விட்டுடு, இல்லாததையெல்லாம் ஏத்துன்னு... பம்புல தாள் இல்ல அக்கா."

"ஓடிக்கிட்டிருந்துச்சா?"

அவர் மறுபடியும் துடைப்பத்தைத் தொட்டார்.

"கேக்குறேன்ல. ஓடிக்கிட்டிருந்துச்சா இல்லையா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பச்சை லைட்டு எரிஞ்சுது."

"ஓடிக்கிட்டிருந்ததையா புடுங்கினே?"

"நான் சொன்னேன் அக்கா. இது ஓடுதேன்னு சொன்னேன். எடை போடுற தராசுக்கு ஓடுறதும் ஒண்ணுதான், ஓடாததும் ஒண்ணுதான், ஏத்துன்னாரு. வால் வெட்டித்தான் ஏத்தணும்னு..."

"வெட்டினது யாரு?"

குன்-ஷான் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அத்தை முள்ளங்கிப் பையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள். பையின் பிடி அவள் விரலை அறுத்து நுனி வெள்ளையாகிவிட்டது.

வட்டத் தலைவர் லியாவ் அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மேலே பெயர் பொறித்த ஆரஞ்சு மேல்சட்டை. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! ஜெயிச்சுட்டோம்! நகரத்துலயே நம்ம வட்டம்தான் மொதல். போன வருஷம் அந்தப் பக்கத்து வட்டத்துக்காரன் நம்மளைத் தோக்கடிச்சான்ல, இந்தத் தடவை அவன் மூஞ்சியப் பாக்கணுமே! பரிசுப் பணத்துல பெருசுங்களுக்கு மத்தியானச் சோறு போட சமையக்கட்டு வந்துடும் அக்கா, நெசமாத்தான்."

"என் பம்பை ஏத்திட்டியாடா?"

லியாவ் அத்தைக்குப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு வகுப்பு கீழே படித்தவர். மாமாவின் லாரியில் தொற்றிக்கொண்டு கடல் பார்க்கப் போன கும்பலில் ஒருவர். ஆனாலும் தலைவரான பிறகு ஊர் முன்னால் அத்தை அவரை டா போட்டு நான் கேட்டதில்லை.

"என்ன பம்பு? தாள் ஒட்டினது எதையும் தொடலையே அக்கா. அந்தா, வரிசையா நிக்குது பாரு. தாள் இல்லாட்டி வெளிய குடுக்கக் கூடாதுன்னு நீ போட்ட சட்டம்தானே? அதைத்தானே நான் செஞ்சேன்?"

"வெளிய குடுக்கக் கூடாதுன்னா சாகடிச்சுடுன்னு அர்த்தமா?"

"பாரு, நீ இப்படிப் பேசினா நான் என்ன பண்ணுவேன்? நகராட்சிக்காரன் எடையத்தான் கேக்குறான். நீங்க வருஷம் பூரா உக்காந்து சரிபண்ணி ஊரெல்லாம் குடுக்குறீங்களே, அதுக்கு அவன் கணக்குல முட்டை. முட்டை அக்கா! ஒடச்சு அனுப்பினாத்தான் மார்க்கு. இந்தச் சட்டம் நானா எழுதினேன்?"

"அது தெங்-கூயோட மெத்தைப் பம்பு."

சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றது.

"அண்ணனுதா? எனக்குத் தெரியாதே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பச்சை லைட்டு சொல்லல? அதோட சத்தம் சொல்லல?"

"புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம், நான் ஏற்பாடு..."

"எங்க? எந்தக் கடை தொறந்திருக்கு? சொல்லு, போறேன்."

லியாவ் போனை எடுத்துத் தேடினார். அத்தை அவருக்காக நிற்கவில்லை.

காய்லாங்கடை நெடுஞ்சாலைக்குக் கீழே இருந்தது. மாமாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு, யா-சுவான் ஸ்கூட்டரில் அத்தை, என் ஸ்கூட்டரில் நான். வழி முழுக்க அவர்கள் ரெண்டு பேரும் கத்திக்கொண்டே போனது ஹெல்மெட்டையும் தாண்டி எனக்குக் கேட்டது.

"நேத்தே சொன்னேன்! எடுத்துட்டு வான்னு நேத்தே சொன்னேன்!"

"சொன்னே. ரோட்டைப் பாத்து ஓட்டு."

"ஊருக்கு நல்ல பேரு எடுக்கணும் உனக்கு. அப்பா முதுகு அழுகினாலும் பரவால்ல!"

"ரோட்டைப் பாருடி!"

காவலாளி கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். அத்தை போட்ட சத்தத்தில் திறந்துவிட்டான். இரும்புக் கை வைத்த பெரிய எந்திரம் ஓய்ந்து நின்றது. அதற்குக் கீழே எங்கள் வட்டத்துச் சாமான் மலை. ஏற்கெனவே ஒருமுறை அள்ளிக் கடித்துத் துப்பியிருந்தது. கையுறை இல்லாமல் நாங்கள் தேடினோம். நானே கொட்டகையில் துடைத்த விசிறி ஒன்று நசுங்கிக் கிடந்தது. அது அடுத்த நாள் தாள் ஒட்ட வேண்டியது. யா-சுவான் அழுதுகொண்டே தேடினாள், திட்டிக்கொண்டே அழுதாள்.

கிடைத்தது. வெள்ளைப் பெட்டி ரெண்டாக வெடித்திருந்தது. காயில் பிய்ந்து தாமிரக் கம்பி முடிபோல் தொங்கியது. நேற்று வெட்டி வைத்த ரப்பர் எங்கே போயிற்றோ. ஆனால் காற்றை இந்தக் குழாய்க்கும் அந்தக் குழாய்க்கும் மாற்றிவிடுகிற சின்னச் சக்கரமும் அதைச் சுழற்றுகிற குட்டி மோட்டாரும் முழுசாக இருந்தன. அத்தை அதை மட்டும் கழற்றித் தன் மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். விரலில் ரத்தம் வந்தது. துடைக்கவில்லை.

"ஊதுறதுக்கு ஒண்ணு வேணும்" என்றாள். "மாத்தி விடுறது இருக்கு. ஊதுறது இல்ல."

குவியலில் வேறு மீன்தொட்டிப் பம்பு இருக்கிறதா என்று இருட்டும்வரை கிளறினோம். காவலாளி வந்து எங்களைத் துரத்தினான்.

அதற்குப் பிறகு மாமாவைக் கையால்தான் திருப்பினோம். ஒருத்தி தோளைப் பிடிக்க, ஒருத்தி இடுப்பைப் பிடிக்க, ஒரு பக்கம் சாய்த்துத் தலையணை முட்டுக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த பக்கம். ராத்திரியும் அதேதான். முறை போட்டுத் தூங்கினோம். மாமா கனமான மனுஷர். இழுக்கும்போது நகம் பட்டுவிடக் கூடாது, விரிப்பு சுருங்கிவிடக் கூடாது. ஆலையில் திருகாணி பார்க்கும்போது எனக்குத் தலை தொங்கிற்று. சூப்பர்வைசர் ரெண்டுமுறை முறைத்தார். வேலை போனால் தங்க அனுமதியும் போகும் என்று பயந்துகொண்டே திரும்பி வந்து தோளைப் பிடித்தேன்.

யா-சுவானும் அத்தையும் பேசிக்கொள்ளவில்லை. "தூக்கு." "ம்." "விடு." "ம்." அவ்வளவுதான் வீட்டில் பேச்சு. நடுவில் மாமா மட்டும் தன் பாட்டுக்கு, "சாப்பிட்டியா?" என்று கூரையைக் கேட்பார்.

வருஷக் கடைசி நாள் காலையில் துடைத்துவிடும்போது தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு காசு அகலத்துக்குப் புண். உள்ளே ஈரமாகச் சிவப்பு. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார்.

அத்தை மருந்து வைத்துக் கட்டினாள். கையைக் கழுவினாள். அடுப்பில் முள்ளங்கிக் களி வெந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தாள். வெட்டுக்குறட்டையும் திருப்புளியையும் எடுத்தாள்.

"நீ வா" என்றாள் என்னிடம். யா-சுவானிடம், "நீ அப்பாவோட இரு."

போனது லியாவ் வீட்டுக்கு. கீழே அவருடைய அலுவலகம், கண்ணாடிக் கதவு. உள்ளே ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் முதல் பரிசுப் பட்டுத் துணி. அதற்குக் கீழே, சுவர் நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. சிவப்பு டிராகன் மீன் ஒன்று அதில் முதலாளிபோல் நீந்திக்கொண்டிருந்தது. அந்த மீன்தான் தேர்தலில் ஜெயிக்கவைத்தது என்று லியாவ் எல்லாரிடமும் சொல்வார். தொட்டிக்குப் பக்கத்தில் பெரிய பம்பு ரெண்டு முனகிக்கொண்டிருந்தன.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெளிநாட்டுக்காரி. தலைவர் வீட்டில் தகராறு என்றால் என் பெயரும் போலீஸ் காதுக்குப் போகுமே என்ற பயம் காலைப் பின்னுக்கு இழுத்தது.

"வா அக்கா, வா! டீ குடி" என்று எழுந்தார் லியாவ். "அண்ணன் எப்படி இருக்காரு?"

அத்தை நேராகத் தொட்டிப் பக்கம் போனாள். குனிந்தாள். ஒரு பம்பின் பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பு. முனகலில் பாதி நின்றது.

"ஏய்! என்ன பண்றே?"

"ஓடிக்கிட்டிருக்கிறதைப் புடுங்கினா எப்படி இருக்கும்னு காட்டுறேன்."

"அக்கா, மீனு செத்துடும்! வருஷக் கடைசி நாளு!"

"ரெண்டு இருக்குல்ல? ஒண்ணு போதும் அதுக்கு. என் புருஷனுக்கு ஒண்ணுகூட இல்ல."

குழாயை உருவினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட பம்பை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். டீ குடித்தவர்களில் ஒருவர், "வருஷக் கடைசில எதுக்குப் பீ-ஹோங் இதெல்லாம், சமாதானமாப் போயேன்" என்றார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஆரஞ்சுச் சுளையை வாய்க்குள் தள்ளிக்கொண்டார்.

"மேல்மாடிப் பொண்ணு, நீயாவது சொல்லேன்!" என்று லியாவ் என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் கதவைத் திறந்து பிடித்தேன், அத்தை வெளியே வர.

வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து அதிலேயே வேலையை ஆரம்பித்தாள். மீன் பம்பின் வாயும் சக்கரத்தின் வாயும் பொருந்தவில்லை. ஸ்கூட்டர் டியூபை வெட்டி, சுற்றி, கம்பியால் இறுக்கினாள். காற்று வேகம் அதிகம் என்று நடுவில் ஒரு ஊசி ஓட்டை போட்டுக் கொஞ்சம் வெளியே விட்டாள். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தாள். யா-சுவான் கேட்காமலே டார்ச்சைப் பிடித்தாள். கேட்காமலே கம்பியை நீட்டினாள். மாமாவைச் சாப்பாட்டுக்காகச் சக்கர நாற்காலியில் ஒருக்களித்து உட்காரவைத்திருந்தோம். கட்டில் காலியாக இருந்தது. மெத்தை சப்பையாகக் கிடந்தது.

பம்பு ஓடியது. சக்கரம் சுழன்றது. அத்தை அதை நிறுத்தினாள்.

"என்னம்மா? அப்பாவை ஏத்துவோம்."

அத்தை சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா. மறுபடியும் ராத்திரி பூரா ஓடணும், காலைலதான்னு சொன்னே, இந்தப் பம்பை நான் தெருவுல போட்டு ஒடப்பேன். சத்தியமா ஒடப்பேன்."

"ராத்திரி வேணாம்" என்றாள் அத்தை. குரல் இறங்கியிருந்தது. "ராத்திரிச் சட்டத்தை அன்னிக்கோட விட்டாச்சு. ஆனா மொதல்ல ஒரு ஆளு படுத்துப் பாக்கணும். அதை விடமாட்டேன். மீன் பம்பு இது. அவருக்கு வலிச்சா நாசமாப் போன்னுதான் சொல்லுவாரு. வலிக்குதா சும்மா சொல்றாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. லியாவ் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"திருட்டு இது அக்கா! ஊரு பாக்க என் வீட்டு அதிர்ஷ்டத்தைப் புடுங்கிட்டு வந்துட்டே. மீனு ஒரு மூலைல போயி நிக்குது. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? என் பொண்டாட்டி அழுவுறா. நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்னா சொன்னேன்? மொறையா வந்து கேட்டா..."

அத்தை அவர் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்தாள்.

"லியாவ், கொட்டகைச் சட்டம் உனக்குத் தெரியும்ல? சரிபண்ணினவங்கதான் மொதல்ல அனுபவிக்கணும். ஒட்டுப் போட்டது நானு. பம்பு உன்னுது. பாதி உன் வேலை. படு."

"என்னது?"

"கட்டில்ல படு. மல்லாக்க."

"வெளையாடுறியா?"

"வெளையாடுற மூஞ்சியா இது?"

லியாவ் என்னைப் பார்த்தார், யா-சுவானைப் பார்த்தார். யாரும் உதவவில்லை. கடைசியில் மாமாவைப் பார்த்தார். மாமா கழுத்தில் துண்டோடு, வாய் ஓரம் பூசணியோடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். லியாவ் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்தார்.

அத்தை பம்பைப் போடவில்லை. காற்றில்லாத மெத்தை, அதற்குக் கீழே பலகை. அத்தை மேஜைமேல் சின்ன அடுப்பைப் பற்றவைத்துக் குழம்புச் சட்டியை ஏற்றினாள். முட்டைக்கோஸைப் போட்டாள். மீன் உருண்டையைப் போட்டாள். ஆறி இறுகின களியைத் துண்டு போட்டு எண்ணெயில் திருப்பினாள். எங்களுக்குக் கிண்ணம் வைத்தாள். லியாவ் இடுப்பை நகர்த்தினார்.

"அசையாதே."

"குத்துது அக்கா."

"அவரால அசைய முடியாது. நீயும் அசையாதே."

வெளியே யாரோ முதல் பட்டாசை வெடித்தார்கள். சட்டி கொதித்தது. ஆவி போய்க் கூரையில் முட்டிற்று. லியாவ் மூக்கு நுனியைச் சொறியக் கையைத் தூக்கினார். அத்தை பார்த்தாள். கையைக் கீழே போட்டார். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வியர்த்தது. எழுந்து போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. அவர் போகவில்லை.

"எங்க குத்துது?" என்றாள் அத்தை, கிண்ணத்திலிருந்து தலை நிமிராமல்.

"இடுப்புக்குக் கீழ. எலும்புல."

"அங்கதான் அவருக்குத் தோலு போயிடுச்சு. இன்னிக்குக் காலைல."

லியாவ் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை எழுந்து பம்பைப் போட்டாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு லியாவின் தோளுக்குக் கீழே ஒரு குழாய் மெல்ல எழுந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்று. அவர் உடம்பு ஒரு விரற்கடை மேலே போய், ஒரு பக்கம் தளர்ந்து, மறு பக்கம் தாங்கிக்கொண்டது. அவர் மூச்சை விட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"வலி போவுதா?"

"போவுது."

"எங்கயாவது கடினமா இருக்கா? நெசத்தைச் சொல்லு."

"இல்லக்கா. நல்லா இருக்கு."

மாமா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். வாய் கோணி, திறந்து, இழுத்து, ஒரு வார்த்தையைத் தேடியது. யா-சுவான் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் அவர் வாயையே பார்த்தேன். அத்தையும்.

"சாப்பிட்டியா?" என்றார் மாமா, தெளிவாக.

லியாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. படுத்த வாக்கிலேயே கையை நீட்டினார். "அண்ணே..."

"உருகாதே" என்றாள் அத்தை. "அவருகிட்ட இருக்கிறது ரெண்டு பேச்சு. எது வருதுங்கிறது அவரு கையில இல்ல. இப்ப வர வேண்டியது அது இல்ல. அதனால மத்ததை அவருக்காக நான் சொல்றேன்."

கரண்டியைச் சட்டி விளிம்பில் வைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, வட்டத் தலைவர் முகத்தைப் பார்த்து, மாமா சொல்வதைப் போலவே அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"நாசமாப் போ."

பிறகு, "எந்திரி. அவருக்கு எடம் விடு" என்றாள்.